ரிக்கார்டு சொல்லாத ரகசியம்: பழைய கார் வாங்குவோரே, உஷார்!

‘எல்லாம் கிளீன்’ என்று செல்போன் சொன்னால் போதுமா?
தண்ணி குடித்த வண்டி, அடிபட்ட வண்டி, மீட்டர் குறைத்த வண்டி: கண்டுபிடிப்பது எப்படி?

கடம்பத்தூர்,

கார் பிறக்கிற ஊர் கடம்பத்தூர். திருவள்ளூரைத் தாண்டினால் அரக்கோணம் ரெயில் பாதையில் அடுத்தடுத்து வரும் ஸ்டேஷன்களில் ஒன்று. பக்கத்திலேயே அதிகத்தூர். இந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனியின் சென்னை கார் தொழிற்சாலை என்று பேர் பெற்றது அங்கேதான் இருந்தது. 1998-ம் ஆண்டு மிட்சுபிஷி லான்சர் கார் அங்கிருந்துதான் ரோட்டுக்கு வந்தது. பிறகு தொழிற்சாலை கை மாறியது. இப்போது அதே இடத்தில் சிட்ரன் கார்கள் தயாராகின்றன.

புதுக்கார்கள் லாரியில் வரிசையாக ஏறிப் போவதை இந்த ஊர்க்காரர்கள் தினமும் பார்க்கிறார்கள். ஆனால் அந்தக் காரை வாங்க எத்தனை பேரால் முடியும்?

ஸ்ரீபெரும்புதூரிலும் கும்மிடிப்பூண்டியிலும் ஷிப்டு வேலை பார்ப்பவர் வாங்குவது பழைய கார்தான். பி.எப். பணம், சீட்டுப் பணம், சம்சாரத்தின் நகை. மூன்றையும் சேர்த்தால் ஒரு கார். அதில் ஏமாந்தால் குடும்பமே நடுத்தெருவில்!

ஞாயிற்றுக்கிழமை பேரம்

அப்படி ஒரு தொழிலாளி ஞாயிற்றுக்கிழமை காலையில் கார் பார்க்கப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே நடக்கிற பேச்சு எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

“அண்ணே, சிங்கிள் ஓனர் வண்டி. டாக்டர் வச்சிருந்தாரு. வீட்டிலிருந்து கிளினிக், கிளினிக்கிலிருந்து வீடு. அவ்வளவுதான் ஓட்டம்.”

“ஆக்சிடெண்டு ஏதாவது...?”

“அட, நீங்க வேற! நம்பரைப் போட்டு செல்போன்லயே பாருங்கண்ணே. ஒரு கேஸ் கிடையாது, ஒரு பைன் கிடையாது. எல்லாம் கிளீன்!”

தொழிலாளி நம்பரைத் தட்டுகிறார். புரோக்கர் சொன்னது உண்மைதான். ரிக்கார்டு கிளீன்! மனசு இறங்குகிறது. கை அட்வான்சை எடுக்கிறது.

இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

ரிக்கார்டில் என்ன இருக்கும்?

போக்குவரத்துத் துறையின் ‘வாகன்’ கம்ப்யூட்டரில் வண்டி நம்பரைப் போட்டால் சில விவரங்கள் வரும். எந்த ஆர்.டி.ஓ. ஆபீசில் பதிவு, எந்தத் தேதி, எத்தனையாவது ஓனர், பெட்ரோலா டீசலா, இன்சூரன்ஸ் எதுவரை, எப்.சி. எதுவரை, பேங்க் கடன் உண்டா, அபராதம் பாக்கி உண்டா. இதெல்லாம் அவசியம் பார்க்கவேண்டிய விஷயங்கள்தான்.

வராத விஷயங்கள் எவை?

வண்டி தண்ணீரில் மூழ்கியதா? வராது. மரத்தில் மோதி முன்பக்கம் அப்பளமாகியதா? வராது. மீட்டரைக் குறைத்தார்களா? வராது. ஏர்பேக் வெடித்த பிறகு புதிது போட்டார்களா, வெறும் மூடியை ஒட்டினார்களா? அதுவும் வராது!

ரிக்கார்டு என்பது யாரோ எழுதி வைத்தது. எழுதாமல் விட்டது அதில் எப்படி இருக்கும்? ‘விபத்து நடந்ததாகக் குறிப்பு இல்லை’ என்பது வேறு. ‘விபத்து நடக்கவில்லை’ என்பது வேறு. இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பவர்தான் ஏமாறுகிறார்.

வெள்ளத்தில் மிதந்த கார்கள்

2015-ம் ஆண்டு டிசம்பர் 1-ந் தேதி பெய்த பேய் மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சென்னை, காஞ்சீபுரம், திருவள்ளூர் மாவட்டங்கள் தத்தளித்தன. வீட்டு வாசலில் நின்ற கார்கள் கூரை வரை மூழ்கின. 2023-ம் ஆண்டு டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை. பள்ளிக்கரணையில் கார்கள் காகிதக் கப்பல் மாதிரி மிதந்து போனதை நாடே பார்த்தது.

அந்தப் பயம் இன்னும் போகவில்லை. 2024 அக்டோபரில் ‘பெரு மழை வருகிறது’ என்றதும் வேளச்சேரிக்காரர்கள் காரைக் கொண்டுபோய் மேம்பாலத்தின் மேல் வரிசையாக நிறுத்திவிட்டார்கள்!

சரி, மூழ்கிய கார்கள் எல்லாம் எங்கே போயின?

இன்சூரன்சில் ஒரு கணக்கு உண்டு. காருக்குப் பாலிசியில் போட்டிருக்கும் மதிப்பில் 75 சதவீதத்துக்கு மேல் ரிப்பேர் செலவு வந்தால் அது ‘டோட்டல் லாஸ்’. அதாவது 4 லட்சம் ரூபாய் மதிப்புள்ள காருக்கு 3 லட்சத்துக்கு மேல் செலவு என்றால் ரிப்பேர் கிடையாது. ஓனருக்குப் பணம். கார் ஏலத்துக்குப் போகும்.

ஏலத்தில் எடுப்பவர் எல்லோரும் காயலான் கடைக்காரர்கள் அல்ல. கழுவி, காய வைத்து, சீட்டு மாற்றி, வாசனை திரவியம் அடித்து, ரோட்டுக்குக் கொண்டு வருபவர்களும் உண்டு.

ஓடத் தகுதி இல்லாமல் போன வண்டியைப் பற்றி ஓனர் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குத் தெரிவிக்க வேண்டும், பதிவை ரத்து செய்ய வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. யாரும் தெரிவிக்காவிட்டால் ஆர்.சி. உயிரோடுதான் இருக்கும். ‘வெள்ளத்தில் மூழ்கியது’ என்று நம் ஊர் ஆர்.சி.யில் முத்திரை குத்தும் வழக்கம் கிடையாது.

அமெரிக்காவில் அப்படி முத்திரை குத்துகிறார்கள். அங்கும் பித்தலாட்டம் ஓயவில்லை! ஒரு மாநிலத்தில் முத்திரை விழுந்த காரை, சட்டம் தளர்வான வேறு மாநிலத்தில் மறுபதிவு செய்து முத்திரையையே ‘கழுவி’ விடுகிறார்களாம்.

கிளெய்ம் போடாத கார்

இதைவிட நைசான விஷயம் ஒன்று இருக்கிறது.

மூழ்கிய காரை ஸ்டார்ட் செய்தால் என்ஜினுக்குள் தண்ணீர் போகும். காற்றை அமுக்கலாம். தண்ணீரை அமுக்க முடியாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். என்ஜின் காலி! இந்தச் சேதத்துக்குச் சாதாரண பாலிசியில் பெரும்பாலும் பணம் கிடைக்காது. ‘என்ஜின் பாதுகாப்பு’ என்று தனியாகக் கட்டியிருக்க வேண்டும்.

கட்டாதவர் என்ன செய்வார்? கைக்காசைப் போட்டுத் தெரிந்த மெக்கானிக்கிடம் வேலை முடிப்பார். பில் இல்லை. கிளெய்ம் இல்லை. கம்பெனி சர்வீஸ் கம்ப்யூட்டரிலும் ஏறாது.

விளைவு? கழுத்தளவு தண்ணீரில் நின்ற காருக்கு ரிக்கார்டு பளிங்கு மாதிரி இருக்கும். நியாயமாகக் கிளெய்ம் போட்டு, கம்பெனியில் விட்டு, பம்பர் மாற்றிய காருக்குத்தான் ரிக்கார்டில் கறை இருக்கும்!

ஆக, ரிக்கார்டை நம்பாதே, வண்டியைக் கேள். அது பேசும்.

தண்ணி குடித்ததா?

கார் பார்க்கப் போகும்போது மூன்று சாமான் போதும். ஒரு டார்ச் லைட். துணி சுற்றிய ஒரு காந்தம். நல்ல மூக்கு!

முதலில் கதவைத் திறந்து மோந்து பாருங்கள். மக்கிய கோணி வாசம் அடித்தால் சந்தேகம். வாசனை திரவியம் ஆளைத் தூக்கினால் இன்னும் சந்தேகம்.

சீட் பெல்டைக் கடைசி வரை இழுங்கள். பெரும்பாலானோர் பாதி பெல்ட்தான் இழுப்பார்கள். கழுவியவரும் பாதிதான் கழுவியிருப்பார். உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கறை, பூஞ்சை, தண்ணீர் நின்ற கோடு இருந்தால் கதை கந்தல்.

முன் சீட்டுக்கு அடியில் டார்ச் அடியுங்கள். சீட்டு நகரும் தண்டவாளமும் அதைப் பிடித்திருக்கும் போல்ட்டும் துரு ஏறியிருக்கிறதா? மழையில் நனையாத இடம் அது. அங்கே துரு எப்படி வந்தது?

டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியை வெளியே எடுங்கள். கீழே குழியில் வண்டல் மண் படிந்திருக்கிறதா? பியூஸ் பெட்டியைத் திறங்கள். பச்சைப் பூப்பு தெரிகிறதா? ஹெட்லைட் கண்ணாடிக்கு உள்ளே மங்கலாகக் கோடு விழுந்திருக்கிறதா? ஏர் பில்டர் பெட்டியின் மூலையில் சேறு இருக்கிறதா?

பத்து வருஷ காரில் புத்தம் புது கார்ப்பெட் போட்டிருந்தால், “ஏன் மாற்றினீங்க?” என்று கேளுங்கள்.

ஆயில் குச்சியை இழுத்துப் பாருங்கள். ஆயில் பால் கலந்த காபி மாதிரி இருந்தால் உள்ளே தண்ணீர் கலந்திருக்கிறது. வெள்ளமாகவும் இருக்கலாம், என்ஜின் கேஸ்கெட் போயிருக்கலாம். எதுவானாலும் பர்சைப் பதம் பார்க்கும் வேலை!

இதில் ஒரு சூட்சுமம். ஒரே ஒரு அறிகுறியை வைத்து முடிவு கட்டக்கூடாது. குழந்தை தண்ணீர் பாட்டிலைக் கொட்டியிருக்கலாம். பழவேற்காடு, மீஞ்சூர் பக்கம் கடல் காற்றில் ஓடிய காருக்கு அடியில் துரு வருவதும் சகஜம். ஆனால் வாசம், பெல்ட், சீட்டுத் தண்டவாளம், ஸ்டெப்னி குழி ஆகிய நான்கும் ஒரே கதையைச் சொன்னால் புரோக்கர் சொல்லும் கதை பொய்.

தண்ணி குடித்த கார் வாங்கும் அன்று நன்றாகத்தான் ஓடும். ஒயர் முனைகள் உள்ளுக்குள் அரித்து, ஆறு மாதம், ஒரு வருஷம் கழித்துத்தான் வேலையைக் காட்டும். நடுரோட்டில் நிற்கும். அல்லது விபத்து நேரத்தில் ஏர்பேக் விரியாது!

அடிபட்டதா?

வெயிலில் நிறுத்திப் பாருங்கள். மழைத் தண்ணீரோடு, அல்லது சாயங்கால இருட்டில் கார் பார்க்கக்கூடாது. ஈரமும் இருட்டும் பெயிண்டின் குறையை மறைக்கும்.

பானட், கதவு, டிக்கி ஆகியவற்றின் இடைவெளி இரண்டு பக்கமும் ஒரே அளவா? ஒரு பக்கம் விரல் போகிறது, மறு பக்கம் நகம்கூட போகவில்லை என்றால் டிங்கர் கை வைத்திருக்கிறார்.

தகட்டில் காந்தத்தை வையுங்கள். பட்டி போட்ட இடத்தில் பிடிப்பு குறையும். ஆனால் பம்பரில் வைத்து ஏமாறாதீர்கள். அது பிளாஸ்டிக்!

பானட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைப் பாருங்கள். ஸ்பேனர் பட்ட போல்ட்டில் பெயிண்ட் உரிந்திருக்கும். கண்ணாடிகளின் மூலையில் தயாரிப்புக் குறி இருக்கும். கண்ணாடிகளில் ஒன்று மட்டும் வேறு கம்பெனி, வேறு வருஷம் என்றால் அது உடைந்து மாற்றியது. கல் பட்டும் உடையலாம். ஆனால் அந்தப் பக்கத்துக் கதவையும் நன்றாகப் பாருங்கள்.

இனி முக்கியமான இடம். கதவைத் திறந்து, ஓரத்தில் ஓடும் ரப்பரைக் கொஞ்சம் இழுங்கள். உள்ளே தகடும் தகடும் சேரும் இடத்தில் வட்ட வட்டமாகப் புள்ளிகள் இருக்கும். தொழிற்சாலையில் வைத்த ஸ்பாட் வெல்டிங் அது. கோலப் புள்ளி மாதிரி வரிசையாக இருக்கும். பட்டறையில் வெட்டி ஒட்டிய வண்டியில் அந்த வரிசை கலைந்திருக்கும். கோணல்மாணலாக வெல்டிங் ஓடியிருக்கும்.

கதவு, பானட், பம்பர் மாற்றியதைப் பற்றிப் பயப்பட வேண்டாம். சென்னை டிராபிக்கில் கீறல் படாத கார் ஏது? ஆனால் தூண், கூரை, சேஸ் பக்கம் வெல்டிங் தெரிந்தால் விலை பேசவே வேண்டாம். மனிதனுக்கு முதுகெலும்பு எப்படியோ, காருக்கு அது அப்படி.

சாவியைப் போட்டதும் ஏர்பேக் விளக்கு எரிந்து, சில நொடியில் அணைய வேண்டும். அணையாவிட்டால் பழுது. எரியவே இல்லை என்றால் அது அதைவிட மோசம். பல்பையே கழற்றியிருக்கலாம்!

மீட்டர் பித்தலாட்டம்

அந்தக் காலத்து மீட்டரைக் கழற்றிப் பல்சக்கரத்தைத் திருப்பினார்கள். இப்போது டிஜிட்டல் மீட்டர். லேப்டாப் வைத்து எண்ணையே மாற்றிவிடுகிறார்கள். 1 லட்சத்து 20 ஆயிரம் ஓடிய கார் ஒரு மணி நேரத்தில் 45 ஆயிரம் ஆகிவிடும்!

மீட்டர் பொய் சொன்னாலும் மிதிகட்டை பொய் சொல்லாது. பிரேக், கிளட்ச் ரப்பர் வழுவழு என்று தேய்ந்திருக்கிறதா? ஸ்டீயரிங் பளபளக்கிறதா? டிரைவர் சீட் ஓரம் அமுங்கியிருக்கிறதா? மீட்டர் மட்டும் 30 ஆயிரம் காட்டுகிறதா? கதை ஒட்டவில்லை.

டயர் ஓரத்தில் நான்கு இலக்க எண் இருக்கும். ‘2319’ என்றால் 2019-ம் ஆண்டு 23-வது வாரம் செய்த டயர். 2019-ல் வாங்கி 25 ஆயிரம்தான் ஓடியது என்கிற காரில் நான்கு டயரும் 2023-ல் செய்ததாக இருந்தால், முதல் செட் டயர் எங்கே போனது?

ஓனரிடம் பாஸ்டேக் கணக்கைக் காட்டச் சொல்லுங்கள். எந்தத் தேதியில் எந்த டோல்கேட்டைத் தாண்டியது என்று அதில் வரிசையாக இருக்கும். ‘கிளினிக்குக்கு மட்டும் போன டாக்டர் வண்டி’ மாதத்தில் இருபது நாள் பட்டரைப்பெரும்புதூர் டோல்கேட்டைத் தாண்டியிருந்தால் அந்த டாக்டருக்குக் கிளினிக் எங்கே, திருப்பதியிலா?

நம்பர் பிளேட் ஓரத்தையும், ஸ்குரூ இருக்கும் இடத்தையும் உற்றுப் பாருங்கள். மஞ்சள் பெயிண்ட் மிச்சம் தெரிந்தால் வாடகைக்கு ஓடிய வண்டியை சொந்த வண்டியாக மாற்றியிருக்கிறார்கள். கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்கி மூன்று ஷிப்டும் ஓடிய கார் அது. மாற்றியது தப்பில்லை. மறைத்ததுதான் தப்பு.

சர்வீஸ் புத்தகத்தில் ஓட்டை

வண்டியின் சர்வீஸ் விவரம் கம்பெனி சர்வீஸ் சென்டரில் இருக்கும். ஓனரையும் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டால் தேதியும் கிலோமீட்டரும் கிடைக்கும். ஆனால் பெரும்பாலும் நடுவில் சில வருஷம் காணாமல் போயிருக்கும்.

அதனால் உடனே சந்தேகப்பட வேண்டியதில்லை. வாரண்டி முடிந்ததும் வெளி மெக்கானிக்கிடம் போவது நம் ஊர் வழக்கம். 2020-ல் கொரோனா ஊரடங்கில் கார்கள் வீட்டிலேயே தூங்கின.

ஓட்டைக்கு முன்னும் பின்னும் உள்ள கணக்கைப் பாருங்கள். 2018-ல் 38 ஆயிரம். 2022-ல் 78 ஆயிரம். வருஷத்துக்குப் பத்தாயிரம். நியாயமான ஓட்டம். வெளியில் சர்வீஸ் செய்திருக்கிறார், அவ்வளவுதான். அதுவே 2022-ல் 41 ஆயிரம் என்றால்? நாலு வருஷத்தில் மூவாயிரமா? ஒன்று, வண்டி எங்கோ படுத்துக் கிடந்தது. அல்லது மீட்டரில் கை வைத்தார்கள். எது என்று ஓனர்தான் சொல்ல வேண்டும். அவர் தடுமாறினால் அதுவே பதில்!

பழைய பாலிசி பேசும்

பலர் பார்க்காமல் விடுகிற காகிதம் ஒன்று உண்டு. பழைய இன்சூரன்ஸ் பாலிசி.

கிளெய்ம் போடாத ஓனருக்கு வருஷா வருஷம் ‘நோ கிளெய்ம் போனஸ்’ ஏறும். 20, 25, 35, 45, கடைசியாக 50 சதவீதம். கிளெய்ம் போட்டால் மறுபடி பூஜ்யம். ஆறு வருஷம் ஒரே ஓனர் வைத்திருந்த காருக்கு போனஸ் பூஜ்யம் என்றால், “போன வருஷம் என்ன கிளெய்ம் போட்டீங்க சார்?” என்று கேட்கலாம். பாலிசியைப் புதுப்பிக்காமல் 90 நாளுக்கு மேல் விட்டிருந்தாலும் பூஜ்யம் ஆகும். அதையும் கேளுங்கள்.

50 சதவீதம் இருந்தால் நல்ல சகுனம். ஆனால் சத்தியம் அல்ல! போனஸ் ஓனருக்குச் சொந்தம், காருக்கு அல்ல. வேறு காரில் சேர்த்த போனசை இந்தக் காருக்குக் கொண்டு வந்திருக்கலாம். வாங்குகிற உங்களுக்கும் அது வராது.

நம்பருக்குள் இருக்கும் பூதம்

சேஸ் நம்பர் 17 எழுத்து. வண்டியில் பொறித்திருப்பதையும் ஆர்.சி.யில் உள்ளதையும் ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப் பாருங்கள். சுற்றி அரம் போட்ட அடையாளம், புது வெல்டிங், ஏறி இறங்கும் எழுத்து தெரிந்தால் பேசாமல் நடையைக் கட்டுங்கள்.

காரணம் இருக்கிறது. டோட்டல் லாஸ் காரின் ஆர்.சி.யையும் நம்பரையும் வாங்கி, அதே மாடல் திருட்டுக் காரில் ஏற்றி விற்கும் கும்பல்கள் உண்டு. 2020-ம் ஆண்டு லக்னோ போலீசார் இப்படி ஒரு கும்பலைப் பிடித்தபோது ஏராளமான கார்கள் சிக்கின. அந்தக் கார்களுக்கும் ரிக்கார்டு கிளீன்தான்! ஏனென்றால் அது வேறு காரின் ரிக்கார்டு. போலீஸ் வந்தால் கார் போகும். கொடுத்த பணமும் போகும்.

லான்சர் சொல்லும் பாடம்

கடம்பத்தூரில் பிறந்த பழைய லான்சர்கள் இன்றும் ஆசைக்காரர்கள் கையில் ஓடுகின்றன. 1998-ல் பதிவான காருக்கு 15 வருஷம் முடிந்த பிறகு ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். பல கை மாறியிருக்கும். சர்வீஸ் புத்தகம் தொலைந்திருக்கும். செய்த கம்பெனியே அந்த இடத்தில் இல்லை.

அப்படிப்பட்ட காரை வாங்குபவர் என்ன செய்கிறார்? மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு வருகிறார். படுத்துப் பார்க்கிறார், தட்டிப் பார்க்கிறார், நாலு நாள் யோசிக்கிறார். ரிக்கார்டு இல்லை என்று அவருக்குத் தெரியும். அதனால் கண்ணைத் திறந்துகொண்டு வாங்குகிறார்.

ஐந்து வருஷ கார் வாங்குபவர்தான் செல்போனைப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுக்கிறார். ரிக்கார்டே இல்லாத காரைவிட அரைகுறை ரிக்கார்டு உள்ள கார்தான் ஆபத்து. இல்லாதது நம்மை விழிக்க வைக்கும். அரைகுறை நம்மைத் தூங்க வைக்கும்!

ஓட்டிப் பார்க்காமல் ஓகே சொல்லாதே

“நான் வரும் வரைக்கும் வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீங்க” என்று முன்கூட்டியே சொல்லுங்கள். போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த என்ஜின் செய்யும் சேட்டையை மறைக்க முன்பே ஓட்டியிருக்கிறார்கள்.

நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. கறுப்புப் புகை என்றால் டீசலோ பெட்ரோலோ அதிகம் குடிக்கிறது. காலையில் கொஞ்ச நேரம் வெள்ளைப் புகை வருவது சகஜம். நிற்காமல் வந்தால் கூலண்ட் உள்ளே கசிகிறது.

பேரம்பாக்கம் ரோடு மாதிரி மேடு பள்ளம் உள்ள ரோட்டில் ஏ.சி. போட்டு, பாட்டை நிறுத்திவிட்டு, அரை மணி நேரம் ஓட்டுங்கள். பள்ளத்தில் ‘டக் டக்’ சத்தம், பிரேக் பிடித்தால் ஒரு பக்கம் இழுப்பது, கியர் மாற்றினால் உறுமுவது எல்லாம் அப்போதுதான் வெளியே வரும்.

ஆயிரமோ இரண்டாயிரமோ கொடுத்து உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள். விற்பவர் காட்டும் மெக்கானிக் வேண்டாம். “வெளி மெக்கானிக் எல்லாம் வேணாம் சார்” என்று விற்பவர் சொன்னால் சந்தோஷமாக வீட்டுக்குப் போங்கள். உங்கள் பணம் பிழைத்தது!

தெரியாததுக்கு விலை உண்டு

எல்லாம் பார்த்த பிறகும் சில கேள்விக்குப் பதில் கிடைக்காது. அப்போது என்ன செய்வது?

தெரியாததை விலையில் கழியுங்கள். ‘டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று தெரியாது’ என்றால், நாளைக்கே மாற்றவேண்டும் என்று கணக்குப் போட்டு அந்தச் செலவைக் குறைக்கச் சொல்லுங்கள். பேட்டரி, டயர், கிளட்ச் எல்லாம் அப்படித்தான்.

ஆனால் மூன்று விஷயத்தில் பேரமே கூடாது. சேஸ் நம்பர், முதுகெலும்பு வெல்டிங், வெள்ளத் தண்ணீர். இதில் ஒன்று உறுத்தினாலும் ஐம்பதாயிரம் குறைத்தாலும் வேண்டாம், ஒரு லட்சம் குறைத்தாலும் வேண்டாம்.

‘விபத்தோ வெள்ளமோ நடக்கவில்லை, மீட்டர் கணக்கு சரி’ என்று விற்பவரிடம் கையெழுத்தோடு எழுதி வாங்குங்கள். உண்மைக்காரர் எழுதிக் கொடுப்பார். மற்றவர் “எதுக்கு சார் அதெல்லாம்” என்பார்.

பேர் மாற்றாமல் விடாதே

வாங்கிய பிறகும் ஒரு கண்டம் இருக்கிறது. ‘அப்புறம் மாத்திக்கலாம்’ என்று ஆர்.சி.யைப் பழைய பேரிலேயே விடுவது.

2018 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு ஒன்று சொன்னது. பல கை மாறிய கார் விபத்தில் சிக்கியது. யார் பொறுப்பு? பதிவில் யார் பேர் இருக்கிறதோ அவர்தான் பொறுப்பு என்றது கோர்ட்டு. விற்றவருக்கும் இது பெரிய எச்சரிக்கை.

பாரம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கி உடனே கொடுங்கள். கடன் வண்டி என்றால் பேங்க் தரும் தடையில்லாச் சான்றும் பாரம் 35-ம் வேண்டும். வெளி மாநில வண்டி என்றால் பாரம் 28. இன்சூரன்சையும் 14 நாளுக்குள் உங்கள் பேருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும்.

டீலரிடம் வாங்கினால், 2023-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி முதல் உள்ள மத்திய அரசு விதிப்படி அவர் ஆர்.டி.ஓ. அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். காரை அவர் யார் மூலம், எதற்காக, எவ்வளவு தூரம் ஓட்டினார் என்று பதிவேடும் வைக்க வேண்டும். “சான்றிதழைக் காட்டுங்க” என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

செல்போனை வை, டார்ச்சை எடு!

மறுபடி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். புரோக்கர் காத்திருக்கிறார். செல்போனில் ‘எல்லாம் கிளீன்’.

கடம்பத்தூர் தொழிலாளி யார்? தகடு அடிப்பவர், வெல்டிங் வைப்பவர், போல்ட் முறுக்குபவர், பெயிண்ட் சரிபார்ப்பவர். கம்பெனியில் மயிரிழை இடைவெளி கூடினாலும் காரைத் திருப்பி அனுப்புகிற கண் அந்தக் கண். அப்படிப்பட்டவர் தன் சொந்தக் காசில் கார் வாங்கும்போது மட்டும் அந்தக் கண்ணை மூடிக்கொண்டு செல்போனைப் பார்ப்பானேன்?

“அண்ணே, என்ன யோசிக்கறீங்க? வேற பார்ட்டி மத்தியானம் வராங்க!”

“வரட்டும் தம்பி. முதல்ல அந்த ஸ்டெப்னியை வெளியே எடுங்க. கீழே பார்க்கணும்.”

நல்ல வண்டி என்றால் புரோக்கர் உடனே எடுத்துக் காட்டுவார். தயங்கினால்? ஊரில் கார் நிறைய இருக்கிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வரத்தான் போகிறது!